ஆளுக்குப் பாதி

"எய்டன் இன்னைக்கும் நாற்காலியைத் தூக்கி எறிஞ்சான். அவனை அமைதிப்படுத்துற மாத்திரையை ஒழுங்காக் குடுக்கிறீங்களா?" என்றார் டீச்சர்.

"தினமும் காலையில மேசையில எடுத்து வச்சிட்டுத்தான் வேலைக்கு ஓடுறேன். டாக்டர் போன வாரம் டோஸை வேற ஏத்திட்டாரு." என்றாள் அவன் அம்மா செரினா. "இவனோட ரெட்டையாப் பிறந்த ஜோயல் எவ்வளவு அமைதியாயிட்டான்! அவனைப் பார்த்துக் கத்துக்கடான்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் டீச்சர்."

"ஜோயலைப் பத்தியும் பேசணும். இப்போ கிளாஸ்ல தூங்கி விழுறான். ரிசெஸ் இடைவேளையில சாப்பிடுறதே இல்ல."

மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு செங்காங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினாள். தேங்காய் ஜாம் தடவிய காயா ரொட்டி ஒன்றுதான் மிச்சமிருந்தது. எய்டன் அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை ஜோயலிடம் நீட்டினான். குழந்தையிலிருந்தே அவள் ஏற்படுத்திய பழக்கம் அது.

"இதுலயாவது நல்ல பிள்ளையா இருக்கியே," என்றாள்.

எய்டனின் முகம் மலர்ந்தது. "எல்லாத்துலயும்தாம்மா! புது மாத்திரையைக்கூடக் கரெக்டா உடைச்சு, இவனுக்குப் பாதி குடுத்துடுறேன்."

ரொட்டித் துண்டு கையிலேயே இருக்க, ஜோயல் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தான்.