பழனாத்தாளின் ஜன்னல் சீட்டு

"ஏனுங்க்கா, இது என்ற சீட்டுங்க. கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க."

வேன் காந்திபுரத்தில் வந்து நின்றதுமே வர்ஷினி சண்டையைத் தொடங்கிவிட்டாள். மலை ஏறினால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அதற்காகவே டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கியிருந்தாள். இப்போது அதில் ஓர் அம்மாள், மடியில் மஞ்சள் பையோடு சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க அம்மணி, தாரேன். இந்த சீட்ட விட்டுப்போட்டா நான் வந்ததுக்கே அர்த்தமில்லீங்க."

சுற்றுலா நடத்தும் ஜாவித் ஓடி வந்தான். "தப்பு எம்மேலதாங்க. பழனாத்தாக்கா முந்தியே சொல்லி வெச்சிருந்தாங்க. நீங்க அந்தப் பக்கத்து முன்சீட்டுல உக்காருங்க. அங்கயும் ஜன்னல் இருக்குதுல்ல?"

வர்ஷினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் வால்பாறை மலை, மத்தியானம் அதிரப்பள்ளி அருவி, சாயங்காலம் சாவக்காட்டுக் கடல். ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டு வந்தவள், இந்த அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்போல!

ஆழியாறு வந்ததும் அடுத்த தொல்லை ஆரம்பித்தது.

"ஏனுங்க, டேம் ரொம்பிக் கெடக்குதுங்க. மலையெல்லாம் தண்ணிக்குள்ள தலகீழாத் தெரியுது" என்று பழனாத்தாள் உரக்கச் சொன்னாள்.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியது. அவள் விடுவதாக இல்லை.

"ஏனுங்க, செவுத்து மேல வரையாடு நிக்குதுங்க. குட்டி ஒண்ணு அம்மாகாரி காலுக்குள்ள பூந்துக்குது."

வளைவில் ஹாரன் ஒலித்தது. பழனாத்தாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மேற்கொண்டு சொன்னாள். மேகம் வந்தது, தேயிலைத் தோட்டம் வந்தது. எதையும் அவள் விடவில்லை.

"கமென்ட்ரிய நிறுத்தச் சொல்லுங்கப்பா! எங்களுக்கும் கண்ணு இருக்குது" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

"காதப் பொத்திக்குங்க கண்ணு. நான் சொல்லித்தான் தீரோணும்."

வால்பாறையில் டீ குடிக்க இறங்கியபோது வர்ஷினிக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"யாருக்குங்க இப்படிச் சொல்லிக்கிட்டே வர்றீங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்கு அம்மணி." பழனாத்தாள் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி வேன் பக்கம் தாடையைக் காட்டினாள். "அவருக்குத்தான் பாக்க முடியாதில்ல. அதான் நான் பாத்துச் சொல்றேன். இன்னைக்கு விட்டா அவரு இனி இந்தப் பக்கம் வரப் போறதில்லீங்க. ஒத்தக் கால்ல நின்னு கெளம்பி வந்தேன்."

வர்ஷினி திரும்பிப் பார்த்தாள். டிரைவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்குள், பழனாத்தாளுக்குப் பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கோவையிலிருந்து அவர் ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை என்பது அப்போதுதான் வர்ஷினிக்கு உறைத்தது. ஒரு ஜன்னல் சீட்டுக்காக இவளிடம் போயா சண்டை போட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அடக்கிக்கொள்ள முடியாமல், அவருக்குக் கண் தெரியாதாம் என்று எல்லோரிடமும் ரகசியமாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வேனே மாறிப்போனது.

"இந்தப் பக்கம் யானைச் சாணி கெடக்குதுங்க, சூடு ஆறலயாட்ட இருக்குது!" என்று வர்ஷினியே கத்தினாள்.

"அருவி தெரியுதுங்க! வெள்ள வேட்டியக் காயப் போட்டாப்பல" என்றார் முன்பு கத்திய பின்சீட்டுக்காரர்.

வேன் மலை இறங்கியது. வயலும் வாய்க்காலும் வாழைத்தோப்பும் வந்தன. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். வர்ஷினிக்கு வயிற்றைப் புரட்டியதே மறந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரர் அவ்வப்போது திடுக்கிட்டு விழித்து, தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். பழனாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருங்க கண்ணுகளா" என்றாள்.

வேன் கடற்கரையில் நின்றது. வர்ஷினி முதல் ஆளாக இறங்கி, கறுப்புக் கண்ணாடிக்காரருக்குக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தாண்டிக் குதித்து இறங்கி, செல்போனை எடுத்துக் கடலைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

வர்ஷினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "ஏனுங்க... உங்களுக்குக் கண்ணு..."

"நல்லாத்தானுங்க தெரியுது. மெட்ராஸ் ஐ வந்து இப்பத்தான் தேவலையாச்சு, வெளிச்சம் பட்டாக் கூசுது. அதான் கண்ணாடி."

"அப்ப உங்க சம்சாரம் வழியெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கிட்டு வந்தது?"

"என்ற சம்சாரம் ஊட்டுல இருக்குதுங்க! இந்தம்மா யாருன்னே தெரியாது. நீங்க வேற ஆளாளுக்குக் கத்தி என்னயத் தூங்கவே உடலீங்களே!"

வர்ஷினி வேனைத் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி திரும்ப ஓட்ட வேண்டுமே என்று சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த டிரைவர் நஞ்சுண்டனின் முகத்திலிருந்து பழனாத்தாள் துண்டை உருவிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க. இத்தன வருசமா இந்த வழில ஓட்டிப்போட்டு, நாளைக்கிருந்து ஊட்டுல உக்காரப் போறீங்க. ரோட்டத் தவிர ஒண்ணயாச்சும் கண்ணெடுத்துப் பாத்திருப்பீங்களா? மலையும் காடும் நாங்க பாத்துச் சொல்லிப்போட்டோம். இப்பத்தான் வண்டி நின்னுபோச்சில்ல, கடல மட்டும் நீங்களே வந்து பாருங்க!"