இரண்டு சொடக்கு

ஜெனீல் எழுந்து கரும்பலகைப் பக்கம் வந்தபோது, கணக்கு வாத்தியார் அலெய்ன் சாருக்குத்தான் கவலையாக இருந்தது.

இந்த வருடம் முதல் கணக்குக்குத் தேர்வு மட்டும் போதாது. ஒவ்வொருவரும் சொந்தமாக எதையாவது அளந்து, ஆராய்ந்து, வகுப்பின் முன் வாய்திறந்து விளக்கவேண்டும். அதற்கு இருபது மதிப்பெண்.

கணக்குக்கு எதற்கு வாய் என்று ஆசிரியர் அறையில் முதல் ஆளாகச் சண்டை போட்டவர் அவர்தான்.

ஜெனீல் மூன்று வருடமாக அவர் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சில் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். திமிர் என்று இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறார். ஆனால் இந்த இருபது இல்லாமல் அவள் தேறமாட்டாள். அதை நினைத்தால் அவருக்கும் பாவமாக இருந்தது.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மீன் சந்தைக் கூட்டத்தையும் ஜாதிக்காய் காயும் நாட்களையும் அளந்திருந்தார்கள்.

அவள் ஒட்டிய தாளின் தலைப்பு: ‘அலெய்ன் சார் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்?’

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட்பார், இரண்டு சொடக்குப் போடுவார், விடையைத் தானே சொல்லிவிடுவார். கோயாவே என்ற அந்தக் கடலோர ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப்போல் சொடக்குப் போட்டு விளையாடும்.

நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். சராசரி இரண்டு நொடி.

பக்கத்தில் இன்னொரு வரிசை. ஏழு, ஆறு, ஏழு, ஏழு என்று கீழே நீண்டது. அதற்குத் தலைப்பே இல்லை.

"இது என்னம்மா, ரெண்டாவது வரிசை?"

அவள் தரையைப் பார்த்தாள்.

அவர் கை தானாக எழுந்தது. விரல்கள் சேர்ந்தன. சட்டென்று இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மூன்று நொடி. நான்கு. நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். வகுப்பே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது.

ஐந்து. ஆறு.

"எனக்கு விடை வர்ற நேரம், சார். நீங்க சொல்றது காதுல விழுந்துடக் கூடாதேன்னுதான் பொத்திக்குவேன். அப்புறம் புத்தகத்துல சரிபார்த்தா, ரெண்டு கேள்வியைத் தவிர என் விடை எல்லாமே சரி."

அலெய்ன் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். சொடக்குப் போடவில்லை. முதலில் கைதட்டியது அவர்தான்.