சுவரொட்டியை விட்ட ஆடுகள்

ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஊர்ச் சுவர்களில் இருக்கிற எழுத்தையெல்லாம் தீர்த்துவிடும். அது யார்? ஆடுதான்.

அப்படிச் சுவரொட்டி தின்று வயிறு வீங்கிய செம்பி, மயிலை, குட்டி என்ற மூன்று ஆடுகள், இனித் தின்பதில்லை என்று தினமும் கூடிப் பேசின. குட்டி தின்பதை விட்டு அன்று ஒன்பதாவது நாள். இன்னொன்று தின்றால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதுதான் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று எதிர்ச் சுவரில் யாரோ புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். மேலேயும் பூசியிருந்த பசை இன்னும் காயவில்லை.

“மோந்து மட்டும் பார்க்கிறேனே,” என்றது குட்டி.

“நானும் மோந்துதான் பார்த்தேன். வேட்பாளர் மீசை வரைக்கும் போயிடுச்சு,” என்றது செம்பி.

“நான் ஒரு கல்யாணத்தையே முடிச்சேன், ரெண்டு வீட்டுச் சொந்தக்காரங்களோட,” என்ற மயிலை, ஓடிப்போய்ச் சுவரொட்டியை மறைத்துச் சாய்ந்து நின்றது.

“அக்கா, உனக்கே வாய் ஊறுதே!” என்றது குட்டி.

“ஊறத்தான் செய்யும். அதான் முதுகைக் காட்டி நிக்கிறேன். சரி வாங்க, வேற தெருவுக்குப் போகலாம்.”

மயிலை நகர்ந்ததும் சுவரொட்டி முழுதாக அதன் முதுகோடு வந்துவிட்டது. மயிலையின் வாய்க்கு அது எட்டாது. பின்னால் வருகிறவருக்கு நன்றாக எட்டும்.

“என்னை நம்பாதீங்கப்பா,” என்று செம்பி முன்னால் ஓடியது.

குட்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு செம்பிக்கும் முன்னால் போய் நடந்தது.