தாய்மாமன் வண்டி

"பஸ் எதுவும் ஓடாதாம் மாமா! ஸ்டிரைக்காம். பக்கத்து வூட்டு ரேடியோவுல சொல்றான்!"

குஞ்சம்மாள் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தாள். டிராக்டருக்கு அடியிலிருந்து அவள் புருஷன் உத்திராபதியின் கிரீஸ் படிந்த முகம் மட்டும் வெளியே வந்தது.

"ஓடாட்டிப் போவட்டும். நம்ம வண்டி ஓடும். அந்தப் பெரிய ஸ்பானரை எடு."

அன்று ஆண்டிமடத்தில் அவன் தங்கை ஆண்டாயியின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். உத்திராபதி ஒரே மாமன். அவன் போய்ச் சேராவிட்டால் ஆண்டாயியின் மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வண்டியோ காயலான் கடைக்குப் போகவிருந்த கிழட்டு டிராக்டர். அறுவடை முடிந்ததிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக அதன் கியர் பெட்டியையும் பின் அச்சையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றி, மறுபடியும் கோத்திருந்தார்கள். கடைசி நட்டுகள்தான் பாக்கி.

"நல்ல நேரம் பன்னெண்டோட முடியுது மாமா!"

"முடுக்கியாச்சு. ஆயிலை ஊத்து, ஊத்து!"

இன்ஜின் உறுமியது. உத்திராபதி சாமியை நினைத்துக்கொண்டு கிளட்சை மிதித்தான். கியரைப் போட்டு மெதுவாகக் காலை எடுத்தான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"நவுருது! மாமா, நவுருது!" குஞ்சம்மாள் குதித்தாள். அடுத்த கணமே கன்னத்தில் கைவைத்தாள். "ஆனா மாமா..."

"தெரியுது புள்ள. இப்பப் பேச நேரமில்ல. சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு ஏறு!"

முந்திரிக்காடுகளுக்கு நடுவே வண்டி பறந்தது. மட்கார்டில் உட்கார்ந்து, தட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி குஞ்சம்மாள்தான் வழி சொன்னாள்.

"மாட்டு வண்டி வருது, ஒதுங்குங்க! இன்னும்... இன்னும்... ஆங், இப்ப நேரா வுடுங்க!"

கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து கைதட்டிச் சிரித்தார்கள். குஞ்சம்மாளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைத்தெரு முனையில் நின்ற போலீஸ்காரர் விசில் ஊதக்கூட மறந்து ஒதுங்கி நின்றார்.

"எங்கண்ணன் வந்துடுச்சு!" பந்தலிலிருந்து ஆண்டாயி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

கையை மட்டும் துடைத்துக்கொண்டு உத்திராபதி மனையில் உட்கார்ந்தான். மருமகள் அவன் மடியில் வீறிட்டாள். மேளம் கொட்டியது. காதில் பொன் ஏறிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது. ஆண்டாயியின் மாமியாரே மோர் கொண்டுவந்து நீட்டினாள். "மாமன்னா இப்படியில்ல இருக்கணும்!"

பந்தி முடிந்ததும் ஆண்டாயியின் புருஷன் கொளஞ்சியப்பன் அவனைத் தனியே இழுத்துப்போனான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. ஊர்லேருந்து இம்புட்டுத் தூரம் எதுக்கு வண்டிய ரிவர்ஸ்லயே ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

உத்திராபதி வலித்த கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"பின் அச்சுல பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கமா மாட்டித் தொலைச்சிட்டேன் மாப்ள, கியரெல்லாம் தலைகீழாப் போச்சு. இப்ப முன்னால போவ ஒரே கியருதான், அதுவும் நத்தை மாதிரி. பின்னால போவத்தான் நாலு கியர் இருக்கு!"