அமாவாசைத் தறி

பெரியநாயகி எனக்குச் சொன்னது இது. எழுபத்திரண்டாம் வருஷம், தை அமாவாசைக்கு மறுநாள், அம்மன் கோயில் பிரகாரத்தில் காலி எண்ணெய்த் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

முந்தின நாள் உச்சிவேளை. படையலுக்கு இலை போட்டாயிற்று, வடையும் ஆறிப்போயிற்று. சர்வதீர்த்தக் குளத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போன புருஷன் பரசுராமன் வீடு திரும்பவில்லை. அவர் வந்து காக்கைக்குச் சோறு வைத்தால்தான் இவள் வாயில் பருக்கை. போகும்போது இந்தத் தூக்கு நிறைய நல்லெண்ணெயும் எடுத்துப் போனார். கோயிலுக்கு என்றார்.

அப்போதுதான் கேட்டது. டக்... டக்... தறிச் சத்தம்!

அமாவாசையன்று அந்த நெசவுத் தெருவில் யாரும் தறியில் கை வைக்கக் கூடாது. கட்டுப்பாடு. மீறினால் அம்மனுக்கு ரெண்டு படி எண்ணெய் அபராதம்.

எதிர்வீட்டு இந்திராணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கேட்டியாக்கா? குமாரவேல் வூட்டுத் தறிதான். போன அமாவாசைக்கு உங்க வூட்டுக்காரரு அத்தினி பேருக்கு முன்னால அபராதம் போட்டாரே, உறைச்சுதா பாரு!"

பரசுராமன்தான் தெருவுக்கு நாட்டாண்மை. போன மாதம் குமாரவேல் அவர் முன்னால் கைகட்டி நின்றான்.

"பொண்டாட்டி மாத்திரைக்குத்தாண்ணே நெய்தேன். மெட்ராசுலதான் கெடைக்குது. மாசம் ஒரு புடவைக் கூலி அதுக்கே பூடுது."

"உன் மாத்திரைக்காக ஊர்க் கட்டுப்பாட்டை ஒடைக்கிறதா? எண்ணெயைக் கட்டுடா!" என்றார் பரசுராமன்.

குமாரவேலின் மனைவி ஏலவார்குழலிக்கு வாயில் நுழையாத பேரில் ஒரு வியாதி. லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வருமாம். உயிர் உள்ளவரை மாத்திரை தின்ன வேண்டுமாம். தெருவில் யாரும் நம்பவில்லை.

"காலையில குந்திக்கினு அம்மாம் பெரிய கோலம் போடறா. மத்தியானம் ஆனா கண்ணைத் தொறக்க முடியலையாம், கையைத் தூக்க முடியலையாம். வேலைக்கள்ளி!" இந்திராணி கழுத்தை நொடித்தாள். "மருந்து மருந்துன்னு தாலிக்குண்டு போச்சு, அண்டா போச்சு. இப்ப அமாவாசையும் போச்சு."

பெரியநாயகிக்கு உச்சந்தலை கொதித்தது. ஊரே பட்டினி கிடந்து செத்தவர்களுக்குப் படைக்கிற நாள்! அதுவும் நாட்டாண்மை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று போய் அந்தக் கதவைத் தள்ளினாள்.

குழலி கூடத்தில் பாயில் கிடந்தாள்.

"ஏண்டி, சூடு சொரணையே இல்லியா உங்களுக்கு? நாக்குல நரம்பில்லாம பொய் சொல்லி..."

குழலி ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்தது யாரென்று பார்த்தாள். அப்படிப் பிடித்தால்தான் அவளுக்குக் கண் திறந்தது. குடித்த கஞ்சி விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்திருந்தது.



"அவரு மெட்ராசுக்குப் போயிருக்காருக்கா. மாத்திரைக்கு." மூக்கால் வந்தது குரல்.

"அப்ப தறியில யாரு?"

விரல் சோர்ந்து விழுந்தது. இமையும் மூடிக்கொண்டது. "அண்ணனைத் திட்டாதீங்கக்கா."

பெரியநாயகி உள்ளே எட்டிப் பார்த்தாள். நெற்றியில் தர்ப்பண விபூதி அழியாமல் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார் பரசுராமன். இருபத்திரண்டு வருஷமாக அவள் வீட்டில் கேட்டுப் பழகிய தறி அடிதான். கோபத்தில் காது அடைத்துப்போய் அடையாளம் தெரியாமல் போயிற்று.

"நீங்களா? நாட்டாண்மையே இப்படிப் பண்ணா...!"

"கத்தாதே. என் அபராதத்தை விடியக்காலையிலேயே சந்நிதியில ஊத்திட்டேன்."

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"போன மாசம் நான் அபராதமா வாங்கின எண்ணெய், அவன் மாத்திரைக் காசுல வாங்கினதுடி. மறுநாள் இந்தப் பக்கம் வந்தேன். மாத்திரை இல்லாம இந்தப் பொண்ணு மூச்சு இழுத்துக்கினு கெடந்தா. அம்மன் அந்த எண்ணெயைக் கேட்டாளா? நான்தானே கேட்டேன்?" அவர் ஊடைநூல் நாடாவை ஓங்கித் தள்ளினார். "அவன் மெட்ராசுல வரிசையில நிக்கிற அன்னிக்கெல்லாம் தறி சும்மா கெடந்தா அடுத்த மாத்திரைக்கு எங்க போவான்? மத்த நாள்ல என் தறி என்னை வுடுதா?"

கோர்வைப் புடவை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாமல் அவர் ஒவ்வொரு தரமும் எக்கி எக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெரியநாயகி தெருக்கதவைத் தாழ்போட்டாள். குழலியின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தாள்.

"வூட்டுல படையல்?" என்றார் அவர்.

"உங்க அப்பாரு கொஞ்சம் காத்துக்கினு இருக்கட்டும். தள்ளுங்க."

சாயங்காலம் வெளியே வந்தவளை இந்திராணி மறித்தாள். "இன்னாக்கா, நல்லாக் கேட்டியா?"

"எதைடி?"

"தறிச் சத்தத்தை!"

"எந்தத் தறி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!"

மறுநாள் அவள் கோயிலுக்கு வந்தது, தன் பங்கு ரெண்டு படி எண்ணெயை ஊற்றத்தான்.

நீங்களும் அந்தத் தெரு வழியாக அம்மனைப் பார்க்கப் போகிறவர்களாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமாவாசையன்று தறிச் சத்தம் கேட்டால், நிற்காமல் நடந்துவிடுங்கள்.