சுவரைத் தட்டாத மாலை

மாலை வெயில் அறைச் சுவரில் ஒட்டிய பேய்ப்படச் சுவரொட்டிகள்மேல் சாய்ந்து விழுகிறது. தலையில்லாத மணப்பெண், பல்லிளிக்கும் பொம்மை. எல்லாம் ஊரில் ஒரு வாரம்கூட ஓடாத படங்கள், திகில் கதை எழுதுகிற அவளுக்கோ உயிர். ஒலிபெருக்கியில் கிட்டாரும் டிரம்ஸும் காதைக் கிழிக்கின்றன. கோப்பைத் தேநீரில் வளையம் வளையமாக அதிர்வு. இந்த இரைச்சல் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வரிகூட ஓடாது. கதையில் யாரையாவது சாகடிப்பதற்கு முன் குறி பார்க்கும் டாரட் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பதும் வழக்கம். இன்று கதையில் வரும் பங்களாக் காவல்காரன் சாகும் முறை. எடுக்கிறாள். குதிரைமேல் எலும்புக்கூடு, மரணச் சீட்டு. 'இது சாவு இல்லப்பா, மாற்றம்தான்' என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவள், சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது பாட்டு தொடங்கிவிட்டது. வழக்கமாக இதற்குள் அடுத்த அறையிலிருந்து கணவன், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டியிருப்பான். நெஞ்சில் தையலோடு நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருக்கிறான். சட்டென்று பாட்டை நிறுத்துகிறாள். அவள் எழுதிய எந்தப் பாழும் பங்களாவும் இத்தனை அமைதியாக இருந்ததில்லை. சீட்டைக் கட்டுக்குள் செருகிக் கலைத்துவிடுகிறாள். இத்தனை வருஷத்தில் முதல் கள்ளாட்டம்.

"ஏன் நிறுத்திட்டே?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "டிரம்ஸ்காரன் இப்பதானே சூடு புடிச்சான்."

"நீங்க தட்டவே இல்லியே?"

"கையத் தூக்கினா தையல் இழுக்குதுடி. போடு, போடு."

பாட்டு மறுபடியும் அதிர்கிறது. பாதியில் நின்ற பக்கத்தில் காவல்காரன் கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பத்திரமாக வீட்டுக்குக் கிளம்புகிறான்.