முதல் ஆவணம்

கொச்சி மட்டாஞ்சேரி வாசகசாலையின் மாடியில் பகல் வெயில். ஊர்க்காரர்கள் சேர்ந்து இணையத்தில் தொகுக்கும் வரலாற்றுக்கு முதல் ஆவணம் சுப்பம்மாளுடையது. ஒரு பழைய ஆங்கிலத் தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "தெருக் கூட்டின எங்கப்பாவைப் பாராட்டி ஆபீசர் குடுத்தது தம்பி. ஆயுத பூஜைக்கு வருசா வருசம் பொட்டு வைப்பேன்." குங்குமம் ஒரு வரியை மூடியிருக்கிறது. ஆவணங்களைப் பதிவேற்றும் மலையாளி இளைஞன் விபின் அதை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறான். ஸ்கேனரின் வெளிச்சம் தாளுக்கடியில் நகர்கிறது. சுவர்த்திரையில் அந்த ஆங்கில வரி பெரிதாக விழுகிறது: ஆபீஸ் பானையில் தண்ணீர் மொண்டு குடித்த குற்றத்துக்காகப் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தம். "அடிபொளி, சேச்சி! இதுபோல ஒண்ணு வேற யார்கிட்டயும் இல்ல" என்கிறான் விபின். இருபது பேர் கை தட்டுகிறார்கள். சுப்பம்மாள் எழுந்து எல்லோரையும் கும்பிடுகிறாள். மகள் ரோஜா திரையை வாசித்து முடித்துவிட்டாள். விபினின் அருகில் போய், "இதைப் போட வேண்டாம் சேட்டா" என்கிறாள். "சம்மதத் தாள்ல அம்மை ஒப்பு போட்டாச்சு, மோளே. நெட்ல ஏத்தியாச்சு." சுப்பம்மாள் தாளைத் திரும்ப வாங்கிப் பார்க்கிறாள். "அய்யோ, பொட்டு போச்சே." தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, அதே வரியின் மேல் அழுத்தி வைக்கிறாள்.